மிஷன் பள்ளிகள் நிறைந்த சீமையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் பிள்ளைகளை வீட்டில் படிக்க வைப்பது ஏன்?

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அக்காவும் அத்தானும் மூன்றாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு, இந்த ஜூன் முதல் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்பா, திருநெல்வேலித் திருமண்டலம் நடத்தும் டி.டி.டி.ஏ. பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "பள்ளிக்கூடத்தாலதாம்ல நாம மனுசனானோம்" என்று சொல்லிவிட்டு மகளோடு பேசுவதையே விட்டுவிட்டார். திருநெல்வேலிப் பக்கம் கிறிஸ்தவப் பள்ளிகளுக்கா பஞ்சம், பிறகு ஏன் இவர்களுக்கு இந்த யோசனை, சட்டம் இதற்கு இடம் தருமா, பிள்ளைகள் நாளைக்குக் கல்லூரிக்குப் போக முடியுமா என்று கேட்கிறார்.

நான் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். என் பிள்ளைகள் இருவரும் வீட்டில் படித்தவர்கள். மூத்தவள் இப்போது கல்லூரியில் இருக்கிறாள், சின்னவன் இன்னும் என்னிடம்தான் படிக்கிறான். அதனால் அப்பாவின் கோபமும் எனக்குப் புரிகிறது, அக்காவின் முடிவும் புரிகிறது.

முதலில் அப்பாவின் பேச்சை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் ஐயர் சபையை எழுப்பிய வேகத்திலேயே பள்ளிகளையும் எழுப்பினார். கிராமங்களில் கிறிஸ்தவக் கோயிலும் பள்ளிக்கூடமும் வெகுகாலம் ஒரே கூரைக்குக் கீழேதான் நடந்தன. பகலில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த சபை ஊழியரான உபதேசியார்தான் சாயங்காலம் ஜெபம் நடத்துவார். இடையன்குடியில் கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா அம்மா பெண்பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிப்புச் சொல்லிக்கொடுத்தார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது. பனையேறிப் பிழைத்த வீடுகளிலிருந்தும், கோயில் தெருவுக்குள் கால் வைக்க விடாமல் விலக்கி வைத்த வீடுகளிலிருந்தும் இரண்டு மூன்று தலைமுறையில் வாத்தியார்களும் நர்சுகளும் வக்கீல்களும் வந்தார்கள் என்றால் அது இந்தப் பள்ளிகள் செய்த வேலை. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று இன்றைக்கும் சொல்வதற்குக் காரணமும் இதுதான். இத்தனையையும் மறந்துவிட்டு, "பள்ளிக்கூடமே வேண்டாம், அது உலகத்தான் காரியம்" என்று அக்கா வீட்டில் யாராவது பேசினால், அந்தப் பேச்சோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் இந்தப் பள்ளிகளின் வேலை காலப்போக்கில் மாறியிருக்கிறது. அரசு உதவி வந்தது, எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் வந்தார்கள், பொதுப் பாடத்திட்டமும் பொதுத் தேர்வும் வந்தன. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மத போதனையில் உட்காரவைக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு சொல்கிறது. அது நியாயமான சட்டம். நானே பல சமயத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வகுப்பில் நின்று பாடம் நடத்தியிருக்கிறேன், அவர்கள் வீட்டு நம்பிக்கையில் கைவைக்க எனக்கு உரிமை கிடையாது. ஆக, இன்றைக்கு ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் காலை ஜெபமும் வாரத்தில் ஒன்றிரண்டு வேதப்பாட வகுப்பும் இருக்கும், கிறிஸ்துமஸ் விழா இருக்கும். மற்றபடி அது நல்ல பள்ளிக்கூடம், அவ்வளவுதான். பெயர்ப்பலகையில் பரிசுத்தவான் பெயர் இருப்பதால் பிள்ளையின் விசுவாசத்தை அங்கே ஒப்படைத்துவிட்டோம் என்று பெற்றோர் நிம்மதியாக இருந்தால், பள்ளி கேட்காத பாரத்தை அதன் தலையில் வைக்கிறோம் என்று அர்த்தம்.

அக்காவைப் போன்றவர்கள் யோசிக்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான். எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் உபாகமம் ஆறாம் அதிகாரத்தைத்தான் முதலில் சொல்வார்கள். "நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும்" பிள்ளைகளிடம் பேசு என்கிற கட்டளை அது. எபேசியர் ஆறாம் அதிகாரமும் பிள்ளை வளர்ப்பைப் பிதாக்களிடம்தான் ஒப்படைக்கிறது. இந்த வசனங்கள் பள்ளிக்கு அனுப்பாதே என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்வதாக யாராவது உங்களிடம் வாதாடினால் ஒத்துக்கொள்ள வேண்டாம். இந்தச் சீமையில் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்குப் போய்க்கொண்டே விசுவாசத்தைக் காத்துக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வசனம் பெற்றோரிடம் கேட்பது நேரம்.

அந்த நேரம் இன்றைக்கு எங்கே இருக்கிறது? ஏழு மணிக்கு வேன் வந்துவிடும். அதற்குள் குளியல், இட்லி, டிபன் பாக்ஸ், டைரியில் கையெழுத்து. திரும்பி வரும்போது ஐந்து மணி. பிறகு டியூஷன், வீட்டுப்பாடம், சாப்பாடு, தூக்கம். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். ஞாயிறு ஆராதனைக்கு வந்த பிள்ளை பிரசங்கத்தில் தூங்கிவிழும். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் தெருமுனையில் இருந்தது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டுப் போகும், இருட்டும் நேரத்தில் கோயில் மணி அடித்தால் குடும்ப ஜெபத்துக்கு எல்லாரும் கூடுவார்கள். உங்கள் அப்பா மனதில் இருப்பது அந்தப் பள்ளிக்கூடம். அக்காவின் பிள்ளைகள் போய்வந்தது வேறு விதமானது. அப்பாவுக்கும் மகளுக்கும் இடையில் சண்டை வந்ததற்கு முக்கியக் காரணம், இருவரும் ஒரே பெயரைச் சொல்லி வேறு வேறு காரியத்தைப் பேசுகிறார்கள் என்பதே.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் குடும்ப ஜெபத்தில் ஆளுக்கு ஒரு வசனமாக வாசிப்போம். ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடக் கூட்டிக்கொண்டு போகும் பகுதி வந்த அன்றைக்கு, சின்னவன் வேதாகமத்தை மூடவே விடவில்லை. "ஈசாக்கு ஏம்மா ஓடலை? அவன்தானே விறகு தூக்கிட்டுப் போனான், பெரிய பையன்தானே, தாத்தா வயசுல இருக்கிற அப்பாவைத் தள்ளிட்டு ஓடியிருக்கலாமே?" அவன் அப்பா ஒரு பதில் சொன்னார், நான் ஒன்று சொன்னேன், இரண்டும் அவனுக்குப் போதவில்லை. அன்று கணக்குப் பாடம் பதினொரு மணிக்கு மேல்தான் தொடங்கியது. சாயங்காலம் பாளையங்கால்வாய்க் கரையில் நடக்கும்போது அவனே மறுபடி எடுத்தான். "ஆண்டவர் ஆட்டைக் காட்டுனதுக்கு அப்புறமும் ஈசாக்கு அப்பாகூட முன்ன மாதிரி பேசியிருப்பானாம்மா?" பெரியவர்களே கேட்கத் தயங்கும் கேள்வி அது. ஏழு மணிக்கு வேன் பிடிக்கிற வீட்டில் இந்தக் கேள்வி எழாது என்று சொல்லமாட்டேன். எழுந்தாலும், "நேரமாச்சு, ஷூவைப் போடு" என்றுதான் நான் சொல்லியிருப்பேன். வீட்டில் படிக்க வைக்க எங்களுக்கு இருந்த காரணங்களில் இதைத்தான் முதலாவதாக வைப்பேன்.

இன்னொரு வழியாகவும் இந்த வீட்டுப் படிப்பு நம் பக்கம் வந்தது. திருநெல்வேலிச் சபை 1903-லேயே தனக்கென்று இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி வெளியிடங்களுக்கு ஆள் அனுப்பிய சபை. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அதில் முன்னின்றார், பிறகு 1912-ல் பேராயரானார். அன்றிலிருந்து இன்றுவரை நம் ஊர்களிலிருந்து வட மாநிலங்களுக்கு ஊழியத்துக்குப் போகும் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்குப் பிள்ளைகளின் படிப்புதான் பெரிய வேதனை. மலைக்கிராமத்தில் பள்ளி இருக்காது, இருந்தாலும் மொழி வேறு. பிள்ளைகளை ஊரில் ஆச்சி தாத்தாவிடமோ விடுதியிலோ விடவேண்டும். டோனாவூரில் உள்ள சந்தோஷ வித்யாலயா மிஷனெரிகளின் பிள்ளைகளுக்காகவே நடப்பது. விடுதிக்கு அனுப்ப மனம் வராதவர்களில் சிலர் தாங்களே சொல்லிக்கொடுக்கத் துணிந்தார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, "இது முடியுமா?" என்று கேட்ட உறவுக்காரர்களுக்கு அந்தப் பிள்ளைகளே பதிலாக இருந்தார்கள். பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த இடைவெளியில் பல தாய்மார்கள் தங்கள் பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை முதன்முதலாக நேரில் பார்த்தார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுவதைப் பார்த்துப் பதறியவர்கள் உண்டு.

நான் ஏற்காத காரணங்களும் இருக்கின்றன. "மத்த மதத்துப் பிள்ளைங்களோட சேர்ந்து கெட்டுப்போயிருவான்" என்று ஒரு குடும்பம் சொன்னால் எனக்கு மனம் நோகும். சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு அக்கம்பக்கத்து இந்து வீடுகளிலிருந்தும் வந்து பந்தியில் உட்காருவதும், அவர்கள் கோயில் கொடை நாளில் அவர்கள் வீட்டிலிருந்து நமக்குப் பலகாரம் வருவதும் இந்த மண்ணின் வழக்கம். அதை வெட்டிவிட்டு வளர்க்கிற பிள்ளை அயலானை எப்படி நேசிக்கும்?

சாதிச் சண்டைக்குப் பயந்து நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அரசு, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது, கையில் கட்டும் வண்ணக் கயிறு உள்ளிட்ட சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்யவேண்டும் என்று 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். பிள்ளையை அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் தாய்க்கு யாரும் புத்தி சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கேட்பேன். சாதி வீட்டுக்குள் இல்லையா? கல்யாணப் பேச்சில், சபைத் தேர்தலில், கல்லறைத் தோட்டத்தில் அது இல்லையா? பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு, வீட்டில் சொந்தக்காரப் பிள்ளைகளோடு மட்டும் பழகவிட்டால் அந்தப் பிள்ளை சாதியை இன்னும் ஆழமாகக் கற்றுக்கொள்ளும். வீட்டில் படிக்க வைக்கிறவர்கள் எல்லாத் தெருப் பிள்ளைகளும் தங்கள் வீட்டுக்குள் வந்து போகும்படி வைத்துக்கொள்ள வேண்டும். இதை அக்காவிடம் நேராகவே கேளுங்கள்.

இனி சட்டம். 2009-ல் இயற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10-ஆம் பிரிவில் சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே கற்கும் உரிமையை 2012 திருத்தம் கொடுத்தது. மற்றவர்களுக்கு அனுமதி என்றும் எழுதவில்லை, குற்றம் என்றும் எழுதவில்லை. ஆகவே "சட்டம் முழுசா எங்க பக்கம்" என்று அத்தான் சொன்னால் அது சரியில்லை, "போலீஸ் பிடிச்சிட்டுப் போயிரும்" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினால் அதுவும் சரியில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, பள்ளிக்குப் பதிலாக நடத்தத் தொடங்கினால், அங்கீகாரம் இல்லாத பள்ளி நடத்திய கணக்கில் வந்துவிடும். 18-ஆம் பிரிவின்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். உற்சாகத்தில் இந்தத் தவறைச் செய்துவிட வேண்டாம். திரும்பப் பள்ளிக்குப் போகும் கதவும் திறந்தே இருக்கிறது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 4-ஆம் பிரிவு சொல்கிறது.

பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு வீட்டுக்கு ஆள் வருவார்கள். எங்களிடமும் வந்தார்கள். ஆசிரியர் பயிற்றுநர் ஒரு அம்மா, கூட பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியை. ஒளிக்கவோ சண்டை போடவோ தேவையில்லை, உட்காரவைத்து மோர் கொடுத்து நோட்டுகளை எடுத்து வைத்தேன். அந்த அம்மா மேஜையில் கிடந்த தினத்தந்தியை எடுத்துப் பையனிடம் கொடுத்து ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார். வாசித்தான். மூன்று இலக்க எண்ணை இரண்டு இலக்கத்தால் வகுக்கச் சொன்னார். வகுத்தான், மீதியையும் சொன்னான். கடைசியில், "ஒனக்குக் கூட்டாளிங்க உண்டாடே?" என்று கேட்டார். அவன் தெருவில் இருக்கும் பையன்களின் பெயரை வரிசையாகச் சொல்லி, யார் நன்றாகப் பந்து போடுவான் என்றும் சேர்த்துச் சொன்னான். அவர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். போகும்போது, "எப்பம் தோணினாலும் கொண்டுவந்து சேத்துருங்கம்மா, எங்க பள்ளியில இடம் இருக்கு" என்று தலைமையாசிரியை சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். அக்காவின் வீட்டுக்கும் இப்படி வருவார்கள், மரியாதையாகப் பேசச் சொல்லுங்கள். ஏட்டில் பெயர் இல்லாத பிள்ளை வேலைக்குப் போகிறதா, கல்யாணம் செய்து வைத்துவிட்டார்களா என்று பார்ப்பது அவர்கள் கடமை.

தேர்வுக்கு இரண்டு வழி. ஒன்று, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 14 வயது நிரம்பினால் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்குப் பதியலாம், ஐந்து பாடம் தேறினால் போதும், தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதி முடிக்கலாம். என் மகள் அப்படித்தான் எழுதினாள். திறந்தநிலையில் படித்தவர்கள் நீட் எழுத முடியாது என்று ஒரு கட்டத்தில் தடை வைத்தார்கள், தில்லி உயர்நீதிமன்றம் 2018-ல் அதை நீக்கியது. இன்னொரு வழி, நம் மாநிலத் தேர்வுத்துறை நடத்தும் தேர்வை நேரடித் தனித்தேர்வராக எழுதுவது. பன்னிரண்டரை வயதில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதி, பிறகு பத்தாம் வகுப்பு. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிய வேண்டும், இதைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும். பிள்ளை மாநில அரசு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் இந்த இரண்டாவது வழிதான் சிக்கல் குறைவு என்பது என் அபிப்பிராயம்.

இழப்பு என்ன என்பதையும் யாராவது அவர்களிடம் சொல்லியாக வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அப்படிப் படித்த பெண்பிள்ளை கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். வீட்டில் படித்தால் இவை கிடையாது. வசதி உள்ள குடும்பத்துக்கு இது பெரிதில்லை. ஒற்றை வருமானத்தில், வாடகை வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய காரியம். அப்படிப்பட்டவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் நல்ல அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டு, மாலை நேரத்தைக் காத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

பாடத்திட்டம் பற்றி ஒரு ஆதங்கம் எனக்கு உண்டு. சில குடும்பங்கள் அமெரிக்காவில் தயாரான கிறிஸ்தவப் பாடப் புத்தகங்களை வரவழைத்து வைத்துக்கொள்கிறார்கள். அதில் அந்த நாட்டு வரலாறும் அந்த நாட்டுக் காசும்தான் இருக்கும். தமிழே இருக்காது. ஆச்சி மடியில் உட்கார்ந்து சங்கீதத்தைத் தமிழில் வாசிக்கத் தெரியாத, கோயிலில் கீர்த்தனை பாடும்போது ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பார்த்துப் பாடுகிற பிள்ளையை, விசுவாசத்தைக் காப்பதற்காக வீட்டில் வைத்து வளர்த்தோம் என்றால் அதை நான் எப்படி ஏற்பது? இந்தச் சபை தமிழில் வாசிக்கக் கற்றுக்கொண்டதால் எழுந்த சபை. தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நாங்கள் தமிழுக்கும் கணக்குக்கும் அறிவியலுக்கும் அவற்றையேதான் பிடித்துக்கொண்டோம். மேலே என்ன வேண்டுமோ சேர்த்துக்கொள்ளலாம்.

இதில் முக்கால்வாசிப் பாரம் தாயின் தலையில்தான் விழுகிறது. நானும் வேலையை விட்டேன். உபாகமத்தையும் எபேசியரையும் எடுத்துப் பேசும் தகப்பன்மார் பலர் காலையில் வேலைக்குப் போனால் இரவில்தான் வருகிறார்கள். பிதாக்களே என்றுதான் அந்த வசனம் தொடங்குகிறது. அத்தான் எந்தப் பாடத்தை எடுத்துக்கொள்கிறார், எந்த நேரத்தில் எடுக்கிறார் என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால், இரண்டு வருடத்தில் அக்கா சோர்ந்துவிடுவார். அப்படிச் சோர்ந்துபோய் நிறுத்திய வீடுகளை எனக்குத் தெரியும்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். வாழ்நாளெல்லாம் ஊர்ப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர், தன் பேரப்பிள்ளைகளை ஒரு பள்ளியும் வேண்டாம் என்று நிறுத்தியதைத் தன்னையே வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டிருப்பார். அவரிடம் போய் வாதாடிப் பயனில்லை. ஆறாம் வகுப்புப் பையனின் கணக்குப் பாடத்தை அவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். பையன் வாரத்தில் மூன்று நாள் தாத்தா வீட்டுக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போகட்டும். சொல்லிக்கொடுக்கத் தெரிந்த கை அவருடையது, அக்காவுக்கும் அந்த உதவி நிச்சயம் தேவைப்படும். லோவிசாள் பாட்டியையும் தாய் ஐனிக்கேயாளையும் பவுல் தீமோத்தேயுவுக்கு ஒன்றாகத்தானே ஞாபகப்படுத்துகிறார். அப்பா முதலில் மறுப்பார். மகள் தானே நேரில் போய்க் கேட்டால் மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன். அதோடு பழைய பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழை வாங்கிவிட்டார்களா என்று பாருங்கள். வாங்கவில்லை என்றால் இந்த வாரமே வாங்கிவிடச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புத் தேர்வுக்கோ பத்தாம் வகுப்புத் தேர்வுக்கோ விண்ணப்பிக்கும்போது அதைக் கேட்பார்கள்.